கடல் குளிர்ந்த மூன்று நாள்

ராஜவேலு அரசாங்க நோட்டில் பொய் எழுதியிருந்தான். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் பொய்.

வேலை என்னவோ சுலபம்தான். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பழவேற்காட்டுக் கடலுக்கு மேலே ஒரு சாட்டிலைட் போகும். அது வானத்திலிருந்தே கடலின் சூட்டை அளக்கிறதாம். அளந்தது சரிதானா என்று தெரிய வேண்டாமா? அதே நேரத்தில் ராஜவேலு படகிலிருந்து ஒரு வாளி கடல்நீர் மொண்டு, தர்மாமீட்டரை விட்டு, கண்ட நம்பரை எழுத வேண்டும். இதற்காகக் குப்பமே அவனை 'தண்ணி ஆபீசர்' என்று கூப்பிட்டது. அவனுக்கும் அது பிடித்திருந்தது.

"ஒரு நாள் காலியா விட்டாலும் வேலையை அடுத்த குப்பத்துக்குக் குடுத்துடுவேன். பொய் எழுதினா போலீஸ்தான்" என்று மெட்ராஸ் ஆபீசர் அருணாச்சலம் முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார்.

போன மாதம் குப்பத்தில் ஒரு சாவு. மூன்று நாள் யாரும் படகு இறக்கவில்லை, இறக்கவும் கூடாது. நோட்டைக் காலியாக விட ராஜவேலுவுக்குத் தைரியம் வரவில்லை.

இன்று அருணாச்சலத்தின் ஜீப் வந்து நின்றது. கூடவே அவருக்கும் மேலே உள்ள பெரிய அதிகாரி ஆதிநாராயணன்.

"போச்சு, கண்டுபுடிச்சிட்டாங்கோ" என்றான் ராஜவேலு மனைவியிடம்.

"இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத. கம்முனு நில்லு" என்றாள் கங்கம்மாள்.

பெரிய அதிகாரி நேரே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீதான் ராஜவேலுவா? முப்பது நாளும் உன் நம்பரும் அருணாச்சலம் எடுத்துக் குடுத்த சாட்டிலைட் நம்பரும் அச்சு அசலா ஒத்துப்போகுதுப்பா."

ராஜவேலு திருதிருவென்று முழித்தான். "முப்பது நாளுமா சார்?"

"ஆமா. அதுலயும் அந்தப் பன்னெண்டு, பதிமூணு, பதினாலாம் தேதி இருக்கே, திடீர்னு கடல் நாலு டிகிரி குளிர்ந்திருக்கு. அதைக்கூட சாட்டிலைட் விடாம பிடிச்சிருக்கு. அதைப் பத்திப் பேசத்தான் அருணாச்சலம் அடுத்த மாசம் ஜப்பான் போறார்."

அருணாச்சலம் அடக்கமாகச் சிரித்தார். "எல்லாம் உண்மையா உழைச்சதுக்குப் பலன் சார்."

ராஜவேலு ஓரடி முன்னால் வந்தான். தன் பொய் குப்பத்தோடு கிடந்தால் பரவாயில்லை, கப்பலேறி ஜப்பானுக்கா போவது?

"சார், போலீஸ்ல குடுத்தாலும் குடுங்கோ. அந்த மூணு நாளும் நான் கடலுக்கே போவல. ஊர்ல சாவு."

கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்?" அருணாச்சலம் குதித்தார். "இவனுங்களை நம்பினா இப்படித்தான். இன்னையோட உன் வேலை போச்சுடா."

"கொஞ்சம் இருங்க" என்றார் பெரிய அதிகாரி. "அப்போ நோட்டுல இருக்கிற நம்பர் ஏதுப்பா?"

ராஜவேலு தலையைச் சொறிந்தான்.

"சும்மா குந்திக்கினு நம்பரு போட மனசு வல்ல சார். ஏதோ ஒரு தண்ணியாவது அளக்கணுமில்ல? ஊட்ல குடிக்கிற மண்பானையில உட்டு அளந்தேன்."

பெரிய அதிகாரி குடிசையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"ஏன் அருணாச்சலம், நம்ம சாட்டிலைட் எப்போய்யா இவன் வீட்டுப் பானைக்குள்ள எட்டிப் பாத்துது?"