செங்கோடி தொங்கவிட்ட பலகை

முதலில் புகை வந்து, நுரையீரல் செல்லான செங்கோடியின் மரபணுவைக் கீறியது. அடுத்து, பிரிவதை நிறுத்தும் தடை உடைந்தது. கடைசியில் மரபணுவைப் பழுது பார்க்கிறவர்களே பழுதானார்கள். இனி, தான் இரண்டாகி, நாலாகி, புற்றாகப் பெருகிக்கொண்டே போகப்போவது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு செல்லும் தன் பெயரையும் உள்நிலையையும் ஒரு பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். கெட்டுப்போன செல்லைக் காவல் செல் கொன்றுவிடும்.

"பலகையை உள்ளே இழுத்துக்கோடி! காவல்காரன் பார்க்காமப் போயிடுவான். அப்புறம் நீதான் ராணி" என்றாள் பக்கத்துச் செல் மருதாயி.

"எல்லார் மூச்சையும் அடைச்சுட்டு யாருக்கு ராணி, அக்கா?"

காவல்காரன் வந்து, "கெட்டது யாரு?" என்றான். அக்கம்பக்கமெல்லாம் சாட்சியாக நிற்க, அவள் தன் பலகையை ஓர் எழுத்தும் விழுங்காமல் உரக்க வாசித்தாள்.

"செங்கோடி. உள்ளே கெட்டுப்போனவள்."