மாற்றியவர் பெயர்

“சாட்ல மேல் அம்புக்குறி கீயை அமுக்கினா, கடைசியா அனுப்பின மெசேஜைத் திருத்தலாம். அப்புறம், யார் எந்த ஃபைலை மாத்தினாலும் அவங்க பேர் பதிவாகிடும். ஜாக்கிரதை!”

புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் நாளே டீம் லீடர் பாடம் நடத்தி முடித்துவிட்டார். அவளுடைய கம்ப்யூட்டரையும் அவரே அவசர அவசரமாகத் தயார் செய்து கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு காலை, கம்பெனி இணையதளத்தின் முகப்பு வெறிச்சென்று கிடந்தது. லீடரின் மெசேஜ் எல்லோருக்கும் வந்தது: ‘இது யார் பார்த்த வேலை? இதோ, பேரைப் பார்க்கிறேன். ஆள் தொலைஞ்சார்!’

முந்தின நாள் தான் மாற்றிய ஃபைலைப் புதியவள் திறந்து பார்த்தாள்.

சற்று நேரத்தில் அதே மெசேஜ் திருத்தப்பட்டிருந்தது: ‘தப்பு யாருக்கும் வரும். பழைய பக்கத்தைத் திரும்பப் போட்டாச்சு.’

அவள் எழுந்து அவர் அறைக்குப் போனாள். “சார், அது நான் பண்ணின தப்பு.”

“நீயா? என் பேர்தானே பதிவாகியிருக்கு!”

“முதல் நாள் என் கம்ப்யூட்டர்ல பேர் கேட்ட இடத்துல, பழக்கதோஷத்துல உங்க பேரையே அடிச்சுட்டீங்க சார். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்.”

“நல்ல ஆளும்மா! நான்தான் ஏதோ தூக்கக் கலக்கத்துல பண்ணிட்டேன்னு நினைச்சேன்.”

வாய்விட்டுச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

“அப்போ போன வாரம், சைட் வேகமாத் திறக்குதுன்னு எம்.டி. எல்லார் முன்னாடியும் எனக்குக் கை குலுக்கினாரே…”

“அதுவும் நான் பண்ணினதுதான் சார். நானும்தான் கை தட்டினேன்.”