நோயில்லாத குழாய்

“மிஷின் சொதப்புது சார். மறதி நோய்க்காரங்களுக்கு மட்டும் இருக்கிற மரபணுப் பிழை, ஒப்பிட்டுப் பார்க்க காலையில நீங்க சோதனைக் குழாய்ல கொண்டுவந்து குடுத்த, நோயில்லாதவரோட ரத்தத்துலயும் காட்டுது” என்றாள் ஆய்வு மாணவி.

“மறுபடி ஓட்டிப் பாரும்மா.”

“பார்த்துட்டேன். அதேதான்.”

நரம்பியல் பேராசிரியர் திரையில் இருந்த முடிவைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

“நிஜமாவே இருந்தா அந்த மனுஷன் பாவம் சார். பெத்த பிள்ளையோட முகமே மறந்துபோகும். அந்தப் பிள்ளைக்கும் வரலாம். நம்ம மரபணுத் திருத்தம் எலிக்கே இன்னும் கைகொடுக்கல. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?”

“சொல்லியாச்சு.”

“அதுக்குள்ளயா? யாரு சார்?”

“நீதாம்மா.”

பேராசிரியர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டு, காலையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்த இடத்தை மறைத்துக்கொண்டார்.