நான்காவது கோப்பை

கூடையில் இருந்த ரொட்டியை அப்பா இன்னும் தொடவில்லை.

அவர்கள் வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கோப்பைகளில் ஊற்றிய சூடான சாக்லேட் ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது.

ஊர் வழக்கப்படி, பெண் கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்து, சாக்லேட்டில் தோய்த்து, பெண்ணைப் பெற்றவர் தன் வாயில் போட்டால் சம்மதம். போடாவிட்டால் கூடை வந்த வழியே திரும்பிப் போகும்.

அக்கா பெலினாவுக்கு வந்த கூடை அப்படித்தான் போயிற்று. வந்தவன் ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி விலகியவன். அதைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தான். அது தெரிந்ததும் அப்பா கூடையைக் காலால் வாசல் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். ஊர் ஒரு வருஷம் அதையே மென்றது.

இந்தக் கூடை இளையவள் ஒடிலியாவுக்கு வந்தது.

முறைப்படி அவள் இப்போது அடுக்களையில்தான் இருக்க வேண்டும். பெண் கேட்கிற இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை? ஆனால் மாப்பிள்ளை டெரெக் கனடாக்காரன். ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட வந்த எஞ்சினியர். சந்தையில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான் அவனுக்கு ஊர்ப் பேச்சு வரும். கூட வந்திருக்கும் அவன் அம்மாவுக்கு அதுவும் வராது. அவர்களுக்காகப் பேச வந்த பக்கத்து வீட்டு எலியாஸ் மாமாவுக்கு ஆங்கிலம் வராது.

ஆக, தன் கல்யாணப் பேச்சைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலைமை. இந்தக் கூத்து எந்த வீட்டிலாவது நடக்குமா?

இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த ஆங்கிலம். மாமனார், மாமியார், மாற்றாந்தாய், மூத்தாள் பிள்ளை என்று உறவு முறைகளை அவள் முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். எதிரே அப்பா சோளம் உதிர்த்துக்கொண்டிருப்பார். ஒன்பது வருஷம் எல்லை தாண்டி வடக்கே ஆப்பிள் பறித்துவிட்டு வந்த மனிதர். அங்கே ஆங்கிலம் கற்றுக்கொள்ளவில்லையா என்று யாராவது கேட்டால், "மரத்தோட பேசறதுக்கு எதுக்குய்யா பாஷை?" என்பார்.

அதனால் டெரெக்கோடு ஃபோனில் பேச அவள் எங்கேயும் ஒளிந்ததில்லை. அதே முற்றம், அதே அப்பா. போன வாரம்கூட, "நம்ம விஷயத்த எல்லாம் அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல" என்று அவர் முன்னாலேயே ஆங்கிலத்தில் புளுகினாள். அப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஒடிலியா."

அப்பா கூப்பிட, அவள் நிமிர்ந்தாள்.

"தம்பிக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கான்னு கேளு."

ஒடிலியாவின் அம்மா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். எலியாஸ் மாமா தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒடிலியா கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

டெரெக் தயங்கவேயில்லை. பாவி, இவள் சொல்லிவிட்டாள் என்றல்லவா நம்பிக்கொண்டிருக்கிறான். "ஆமா சார், ஆயிருந்தது. மூணு வருஷம் முன்னாடி பிரிஞ்சுட்டோம். நாலு வயசுல பொண்ணு இருக்கா, என்கூடத்தான் இருக்கா. எதையும் மறைக்க விரும்பல."

எல்லோரும் ஒடிலியாவின் வாயைப் பார்த்தார்கள்.

மேசையில் நான்கு கோப்பைகள் இருந்தன. வந்தவர்கள் மூன்று பேர். நான்காவது சின்னது, காது உடைந்தது, ஒடிலியா குழந்தையாக இருந்தபோது குடித்தது. இது எதற்கு என்று காலையிலேயே அவள் கேட்டாள். "உங்கப்பாதான் வைக்கச் சொன்னார். எண்ணத் தெரியாத மனுஷன்" என்று அம்மா சலித்துக்கொண்டாள். இப்போது அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு, டெரெக்குக்குப் பிடிபடாத வேகத்தில் ஒடிலியா சொல்லி முடித்தாள்.

"அவருக்கு இதுதான் முதல் சம்பந்தம்ப்பா. அம்மாவ விட்டா வேற யாருமே கிடையாதாம். எதையும் மறைக்க விரும்பலங்கிறார்."

டெரெக் ஆமென்று தலையாட்டினான். அது அவளைக் கொன்றது.

அப்பா கூடையைத் தன் பக்கம் இழுத்தார். மேலே இருந்த துணியை விலக்கினார். பெரிய ரொட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஒடிலியா மூச்சை விட்டாள்.

அவர் பிய்க்கவில்லை. டெரெக்கை நேராகப் பார்த்தார். பிறகு பேசினார். நிதானமாக, ஒரு பிசிறு இல்லாத ஆங்கிலத்தில்.

"உண்மையச் சொன்னதுக்கு நன்றி தம்பி. நீ கொழந்தையையும் கூட்டிட்டு வருவேன்னு நெனச்சேன். அவ பேர் என்ன?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு புருஷனையே பார்த்தாள். ஒடிலியாவுக்கு முகம் எரிந்தது. முற்றத்தில் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் காதில் திரும்பக் கேட்டது.

"ஹேஸல்" என்றான் டெரெக்.

அப்பா அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். ஒரு துண்டை ஆறிப்போன சாக்லேட்டில் தோய்த்து வாயில் போட்டு மென்றார். இன்னொன்றைச் சின்னக் கோப்பையின் பக்கத்தில் வைத்தார்.

பிறகுதான் மகளைப் பார்த்தார்.

"உங்கம்மாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, சொல்லு. இந்தத் தடவை அவன் சொன்னத மட்டும் சொல்லு."