கடைசி பட்டன்

“அந்த ஆள் நேத்தும் வந்துட்டுப் போயிருக்காருக்கா. நேத்தும் கடைசி பட்டனை அமுக்கல.”

சொன்னவனை அலுவலகத்தில் எல்லோரும் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். செல்போன் நிறுவனத்தின் உதவிப் பக்கங்களை எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த வரியில் படிப்பதை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. அந்தப் பக்கங்களை எழுதுவது அவள் வேலை.

இப்போது இருவரையும் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பக்கம். இறந்துபோனவருடைய எண்ணைக் குடும்பத்தார் எப்படி மூடுவது என்று படிப்படியாகச் சொல்லும் பக்கம் அது. பாதிப் பேர் கடைசிப் படி வரை வந்து, மூடாமலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அவ்வளவு கஷ்டமாவா எழுதியிருக்கேன்?” என்றாள். “இறப்புச் சான்றிதழைப் போட்டோ எடுத்து ஏத்தணும், உங்க பேரைப் போடணும், பட்டனை அமுக்கணும். இதுல என்னடா புரியாம இருக்கு?”

“மத்தவங்களை விடுங்கக்கா, ஒரு தடவை வந்துட்டுப் போயிடறாங்க. இவர் தினமும் வர்றாரு. சான்றிதழை ஏத்துறாரு, பேரைப் போடுறாரு, கடைசி வரைக்கும் ஒழுங்காப் போறாரு. அங்க போய் நின்னுடறாரு. அப்புறம் கீழ ‘இந்தப் பக்கம் உதவியதா?’ன்னு கேட்டிருக்கோம்ல, அதுல ‘ரொம்ப உதவியது’ன்னு அமுக்கிட்டுக் கிளம்பிடறாரு.”

“வந்த வேலையே முடியல, அதுல என்ன ரொம்ப உதவியது? லூசா அந்த ஆளு?”

கணக்கு சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத அந்த ஒருவருக்காகவே அவள் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். ‘உறுதிசெய்க’ என்று இருந்த பட்டனை ‘எண்ணை மூடு’ என்று மாற்றினாள். மூடினால் என்ன ஆகுமோ என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, ‘மூடிய எண் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கப்படும்’ என்று ஒரு வரியும் சேர்த்தாள். ம்ஹூம். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

மேலாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட சேதியைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

“மேல முடிவு பண்ணிட்டாங்கம்மா. இந்த வாரம் சரியாகலைன்னா பக்கத்தையே தூக்கிடுவாங்க. ‘நேர்ல கடைக்கு வாங்க’ன்னு போட்டுடுவாங்களாம். உன் ஒப்பந்தத்தையும் நீட்டிக்க மாட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

வேலை போவது ஒருபுறம் இருக்கட்டும். துக்கத்தில் இருக்கிறவர்களைக் கையில் சான்றிதழோடு கடை வரிசையில் நிறுத்துவதா என்பதுதான் அவள் கவலை.

“சார், எனக்கு அந்த ஒரு ஆள்கிட்ட பேசணும். எந்த வரி புரியலைன்னு அவர் வாயால கேட்டாப் போதும், மாத்திடுவேன்.”

எழுதுகிறவர்களுக்குப் பயனரின் பெயரையோ எண்ணையோ காட்டக் கூடாது என்பது அங்கே விதி. மேலாளர் கொஞ்சம் யோசித்தார். “கூப்பிட்டுப் பேசலாம்னு அவரே சம்மதம் குடுத்திருக்காரு. நான் கூப்பிடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீ குறிப்பு மட்டும் எடுத்துக்கோ.”

கூட்ட அறையின் மேஜைத் தொலைபேசியைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். நாலைந்து மணி அடித்த பிறகு எடுக்கப்பட்டது.

“ஹலோ,” என்றது சற்றுக் கரகரத்த ஆண் குரல். “யாரு பேசறது?”

அவள் பேனா நின்றது. எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். வேலை பற்றிய பயம்தான் என்று நினைத்த மேலாளர், பதறாதே என்று கையமர்த்திவிட்டுப் பேசினார்.

“செல்போன் கம்பெனியிலேர்ந்து பேசறோம் சார். எங்க உதவிப் பக்கத்தை தினமும் பாக்கறீங்க, ஆனா நம்பரை மூடாமலே போயிடறீங்க. எந்த வரி புரியலைன்னு சொன்னீங்கன்னா மாத்திடுவோம்.”

“ஐயையோ, மாத்திடாதீங்க தம்பி! எல்லாம் தெளிவா இருக்கு. எனக்கே புரியுதுன்னா பாத்துக்கோங்களேன்.”

“அப்புறம் ஏன் சார்...”

“மூட முதல்லேர்ந்தே மனசு வரல. இப்ப வேற யாருக்கோ குடுத்துடுவோம்னு ஒரு வரியும் சேத்திருக்கீங்க. அதைப் படிச்சதும் சுத்தமா கை ஓட மாட்டேங்குது. இருபது வருஷமா என் வீட்டுக்காரியோட நம்பர். சாயங்காலம் ஆனா ‘எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்க’ன்னு அதுலேர்ந்துதான் போன் வரும். நாளைக்கு யாரோ ஒருத்தர் அதுல பேசினா என்னால தாங்க முடியுமா, சொல்லுங்க?”

கணக்கு தலையைக் குனிந்துகொண்டான். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலாளரின் குரலும் இறங்கிவிட்டது. “மன்னிச்சுக்கோங்க சார். மூடவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனா மூட மனசில்லாதப்போ தினமும் எதுக்கு சார் அந்தப் பக்கத்தைத் திறக்கறீங்க?”

“மார்க் போடத்தான் தம்பி. நல்லாருக்குன்னு நிறைய பேர் அமுக்கினாதானே எழுதினவங்களுக்கு வேலை நிலைக்கும்? கடைசி வரைக்கும் போனாத்தான் அந்தக் கேள்வியே வருது.” குரல் தயங்கியது. “உங்களை ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். அந்தப் பக்கத்தை எழுதினது என் பொண்ணு. அவ அம்மா நம்பரைப் போன மாசமே மூடிட்டேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன், தயவுபண்ணி என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க.”