ஐந்தாம் பக்கத்துக் குடங்கள்

"வந்திருச்சு!" என்று கையில் பேப்பரை உயர்த்தியபடி அழகையா ஓடிவந்தபோது, ஓடைக்குப் புறப்பட்டிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் வெறுங்குடங்களைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

எதிரே வருகிறவனுக்கு வெறுங்குடம் ஆகாது. அது அவர்கள் வழக்கம். அதைக் கேலி செய்வது அழகையாவின் வழக்கம். இன்றைக்கு அதற்கும் அவனுக்கு நேரமில்லை.

எல்லோரும் பீலியடியில் கூடினார்கள். மலை ஊற்றை லயத்துக்குக் கொண்டுவரும் அந்தக் குழாயில் தண்ணீர் வருவது நின்று நாலு மாசமாகிறது. கூட்டம் போட அதைவிடக் காய்ந்த இடம் தோட்டத்தில் இல்லை.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார்கள். பார்க்கலாம் என்றார். தொழிற்சங்கத்தில் சொன்னார்கள். தலைவர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் அழகையா தன்னுடைய பத்திரிகைக்கு எழுதிப்போட்டான்.

தன்னுடைய என்றால் அவன் நடத்துவதில்லை. பதுளை டவுனில் புஹாரி நானா கடைக்கு அந்த இடதுசாரி வாரப் பத்திரிகை நாலு பிரதி வரும். ஒன்றை அழகையா வாங்குவான். மிச்சம் மூன்றில் நானா கொத்தமல்லி சுற்றுவார். எப்படியோ ஏழை எளியதுகள் கைக்குப் போய்ச் சேருகிறதே என்று அழகையா மனதைத் தேற்றிக்கொள்வான்.

ஏழு வருஷமாக அதைப் படித்துத்தான் அவன் நல்ல நேரம் பார்ப்பதை விட்டான். குறுக்கே பூனை போனால் நின்று போவதை விட்டான். பல்லி விழுந்த பலன் என்னவென்று அவன் பெண்சாதி நல்லம்மா கேட்டால், முதலாளித்துவத்தில் தொடங்கிப் பல்லிக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆகும்.

அந்தப் பத்திரிகையின் தோழர்கள் இப்போது மந்திரிசபையில் இருந்தார்கள். குடியுரிமை பறிபோய் ஓட்டே இல்லாத லயத்துக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டவர்களிடம், "நம்ம ஆளுக மேல இருக்காங்க, காதுல விழுந்தா விடுவாங்களா?" என்று அழகையா மார்தட்டியிருந்தான்.

காதில் விழுந்துவிட்டது. போன மாசம் ஒரு நிருபரும் படம்பிடிக்கிறவரும் ஜீப்பில் வந்தார்கள். நிருபர் பீலிக்குள் விரலை விட்டுப் பார்த்து, உச்சுக்கொட்டி, பெண்களை வரிசையாக நிறுத்தச் சொன்னார். படம் எடுத்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், போனார்கள்.

அந்தப் படம் வந்தால் துரை பதில் சொல்லியாகவேண்டும். நல்லம்மாவுக்கு எட்டாம் மாசம். ஓடைப் பாதையில் இரண்டு தடவை வழுக்கி விழப்பார்த்தாள். பிள்ளை வருவதற்குள் தண்ணீர் வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அழகையாவின் கவலை.

முதல் பக்கத்தில் வியட்நாம். இரண்டாம் பக்கத்தில் மந்திரியின் பேச்சு. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பேச்சின் மிச்சம். நாலாம் பக்கத்தில், அந்தப் பேச்சு எவ்வளவு நல்ல பேச்சு என்று ஆசிரியர் தலையங்கம்.

ஐந்தாம் பக்கத்தில் பீலி.

பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் வயிறும் குடமுமாக நல்லம்மா. படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை அழகையா அர்த்தம் புரியும் முன்பே உரக்கப் படித்துவிட்டான்.

"தோட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது! மக்கள் அரசின் சாதனை!"

யாரோ பீலியைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவேளை வந்திருக்குமோ என்று.

அழகையா படத்தை மூக்கருகே கொண்டுபோனான். ஒவ்வொரு குடத்திலும் தண்ணீர் விளிம்பு வரை நின்று வெயிலில் மின்னியது. கீழே இன்னொரு செய்தி: வருகிற ஞாயிற்றுக்கிழமை மந்திரி நேரில் வந்து மக்களின் நன்றியை ஏற்றுக்கொள்வார்.

"பொய்! முதலாளி பேப்பர்காரன் நம்மளப் பத்தி எழுதவே மாட்டான், அவனே தேவல. இவனுக கொழும்புல குந்திக்கிட்டு குடத்துக்குள்ள தண்ணிய வரைஞ்சிருக்கானுக!"

ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லம்மாதான் பேசினாள். "வரையலீங்க. அது ஓடைத் தண்ணி. நல்ல காரியத்துக்கு வர்றவங்க எதுக்க வெறுங்குடத்தோட நிக்காதீங்க, ஓடி ரொப்பிக்கிட்டு வாங்கன்னு எங்கள வெரட்டினது யாரு?"

அழகையா பேப்பரைத் தாழ்த்தினான்.

ஜீப் சத்தம் கேட்டதும் கை கால் ஓடாமல் அவன்தான் அப்படிக் கத்தினான். ஏழு வருஷப் படிப்பு அந்தக் கால்மணி நேரம் எங்கே போயிருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

வெட்கமாக இருந்தது. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பீலிக்குள் விரல் விட்டவன்தானே அந்த நிருபன்? ஒரு பொட்டு ஈரம் ஒட்டவில்லை என்று அந்த விரலுக்குத் தெரியாதா?

அவன் பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகினான்.

"ஞாயித்துக்கெழம ஒருத்தரும் ஓடைக்குப் போகக்கூடாது. அத்தன பேரும் வெறுங்குடத்தோட ரோட்டுல நிக்கணும். குடத்து வாயி மந்திரி பக்கம் இருக்கணும்."

பெண்கள் பதறிப்போனார்கள். "ஐயையோ, அந்த மனுசனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றாள் நல்லம்மா.

சகுனம் என்பது சுத்த மூடநம்பிக்கை, வெறுங்குடத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று விளக்க வாயெடுத்த அழகையா, அப்படியே நிறுத்திக்கொண்டான்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அது பலிக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டான்.