எழுதிக் கொடுப்பவரின் நாற்காலி

பத்திர ஆபீஸில் அவளுக்கு எதிர் நாற்காலியில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து உட்கார வேண்டிய நாற்காலி.

வந்தவர் கோர்ட்டு குமாஸ்தா. வேர்த்த கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தார். நாச்சிமுத்துவுக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டியவர் வர மாட்டேன் என்றால், கோர்ட்டே ஆளை அனுப்பி எழுதிக் கொடுத்துவிடுமாம். தீர்ப்பு அப்படி.

"சந்தோசமாப் போங்கம்மா. இனி அந்தப் பூமி உங்களுது," என்றார் குமாஸ்தா.

சந்தோஷமா?



யாரோ போடும் கையெழுத்துக்கா இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாள்? வழக்குப் போட்ட நாளில் பாவாடை கட்டி வாசலில் பாண்டி ஆடிய வக்கீல் மகள், இன்று கறுப்பு அங்கியோடு பக்கத்தில் நிற்கிறாள்.

கறவை மாடு இரண்டையும் விற்று முன்பணம் கொடுத்தாள். அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துதான் நாச்சிமுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை தடவை வந்திருப்பார்! வந்தபோதெல்லாம் டீ. அவள் டம்ளரை எட்டிப் பார்த்து ஒரு சிரிப்பு.

"சக்கரையே இல்லாம என்ன அம்மிணி, கசாயமா?"

பிறகு அந்தப் பக்கம் பைபாஸ் வந்தது. நிலத்துக்கு விலை ஏறியது. எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார் நாச்சிமுத்து.

கூண்டில் ஏறி நின்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. கையெழுத்தும் என்னுதில்லீங்க."

கோர்ட்டே அவளைத் திரும்பிப் பார்த்தது. கள்ளக் கையெழுத்துக்காரியைப் பார்ப்பதுபோல.

நிலம் வந்துவிட்டது. அந்தப் பார்வையை யார் திருப்பி வாங்கிக்கொள்வது?

பத்திர ஆபீஸ் படியிறங்கினாள். எதிரே டீக்கடை.

பெஞ்சில் நாச்சிமுத்து.

உள்ளே வந்து கையெழுத்துப் போட மனசில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவும் இல்லை போல. நரைத்து, ஒடுங்கி, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலையே பார்த்திருந்தார்.

பாவம் என்று நினைக்க வேண்டுமா?

அவள் நினைக்கவில்லை.

நேரே போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஒரு டீங்க," என்றாள் மாஸ்டரிடம்.

மாஸ்டர் டப்பாவுக்குள் கரண்டியை விட்டார்.

"அம்மிணிக்குச் சக்கரை போட்றாதப்பா."

நாச்சிமுத்துதான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலை கவிழ்ந்துவிட்டது.

கரண்டி அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் மாஸ்டரை மட்டும் பார்த்தாள்.

"அவரு யாரோ சொல்றாருங்க. நீங்க ரெண்டு கரண்டி போடுங்க."

டீ வந்தது. தித்திப்பு தொண்டையைக் கட்டியது.

கசாயம் குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொட்டு விடாமல் குடித்தாள்.